கஞ்சிக் கொட்டகைக்கு வைத்த விருந்து

விருந்து வைத்து நிதி திரட்டுகிறோம், அவசியம் வரவேண்டும் என்று யாராவது அழைப்பிதழை நீட்டினால் எனக்கு முதலில் வருவது கோபம். அப்புறம்தான் வெட்கம். தமிழ்ப்பள்ளிக் கூரைக்கு, சிறுநீரகம் கெட்டுப்போனவருக்கு, வீடு இடிபட்ட குடும்பங்களுக்கு என்று சுங்கைப் பட்டாணியில் அடிக்கடி ஒரு விருந்து நடக்கிறது. நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? கொடுக்க வேண்டியதைக் கொடுத்தனுப்பி விடுகிறேன். போய் உட்கார்ந்து சாப்பிட மட்டும் மாட்டேன். இந்தக் கிழவிக்கு என்ன இவ்வளவு திமிர் என்று என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். பேசட்டும். திமிர் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

என் அப்பா பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். அந்தப் பக்கத்து ஆட்கள் எங்கள் ரப்பர்த் தோட்டத்து லயத்து வீடுகளில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்குள் மொய் விருந்து என்று ஒரு வழக்கம் உண்டு. ஒருவனுக்குக் கஷ்டம் வந்தால் அவன் யார் வாசலிலும் போய்க் கையேந்த மாட்டான். அங்கே இங்கே புரட்டி ஒரு சாப்பாடு போடுவான். எல்லாரும் வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, தங்களால் முடிந்ததை வைத்துவிட்டுப் போவார்கள். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. அதிலே முக்கியமான சங்கதி, கஷ்டப்பட்டவன்தான் அங்கே விருந்துக்காரன். வாசலில் நின்று 'வாங்க, வாங்க' என்று கூப்பிடுகிறவன் அவன்தான். மரம் சாய்ந்து அப்பாவின் இடுப்பு போனபோது அம்மா அப்படித்தான் நின்றாள். துவைத்த சேலை, கையிலே சந்தனக் கிண்ணம். எங்கள் வீட்டில் ஏதோ கல்யாணம் என்று நினைத்து நான் துள்ளிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கல்யாணமானதும் அதே தோட்டத்தில்தான். திகாம் பத்துவிலிருந்து உள்ளே போகும் செம்மண் சடக்கில், மெர்போக் பக்கமாக இருந்தது எங்கள் தோட்டம். அவர் பால்மரம் வெட்டுகிறவர். பேச்சில் எப்போதும் ஒரு குசும்பு இருக்கும். அவர் என்று சொல்வேனே தவிரப் பேரைச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துப் பழக்கம், இனிமேலா மாறப் போகிறது? இரண்டு பிள்ளைகள், மூத்தது பெண், அடுத்தது பையன். ஜப்பான்காரன் வந்தபோது பையன் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தான்.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். கித்தா என்கிற ரப்பர்ப் பாலை வாங்க ஆளில்லை. மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டோம். அரிசி என்பது கண்ணில் காட்டுகிற சாமானாகிவிட்டது. வேலைக்கு நிற்கிற ஆளுக்கு மட்டும் அளந்து கொடுப்பார்கள். ஆம்பளைக்கு ஓர் அளவு, பொம்பளைக்கு அதில் பாதி, பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. அந்த நாளில் ஒருநாள் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நின்ற ஆட்களை, கங்காணி வேலை பார்க்கிற மண்டோர் பிரித்து நிறுத்தினான். சயாமில் ரயில் ரோடு போடுகிற வேலை, மூன்றே மாசம், நல்ல சம்பளம், சீனிகூடக் கிடைக்கும் என்றான். யாரும் சரி என்று சொல்வதற்கு முன்னாலேயே லோரி வந்து நின்றது. அவர் மாற்று வேட்டிகூட எடுத்துக்கொள்ளவில்லை. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது லோரி சடக்கு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

மூன்று மாசம் போயிற்று. யாரும் வரவில்லை. ஒரு துண்டுக் கடுதாசி வரவில்லை. அப்புறம் ஒருநாள், எங்கள் கெடா மாநிலத்தையே ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்துவிட்டான் என்று செய்தி வந்தது. லயத்துப் பெண்களுக்கு ஒரே சந்தோஷம். இப்போது நாமும் சயாம்தானே, இனி நம் ஆட்களை அங்கே வைத்துக்கொள்ள அவசியம் என்ன, அனுப்பிவிடுவார்கள் என்று பேசிக்கொண்டோம். நானும் அதை நம்பி வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் பாருங்கள். நாடு சயாமாயிற்று, ஆள் வரவில்லை.

பிள்ளைகளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. விரலால் அமுக்கினால் குழி விழும், அது எழும்ப நேரமாகும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதார். யாழ்ப்பாணத்துக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். படித்த குடும்பம், மாதச் சம்பளம், பங்களா மாதிரி வீடு. அவருக்கு என்ன வந்தது, வீட்டோடு இருந்திருக்கலாம். ஆனால் லயம் லயமாக வந்து பிள்ளைகளின் கண்ணைப் பிதுக்கிப் பார்ப்பார், புண்ணைக் கழுவுவார். நாங்கள் டிரஸரம்மா என்போம். ஒரு கொட்டகை போட்டு மத்தியானத்தில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றவேண்டும், அதற்கு யாரிடம் போய்க் கேட்பது என்று புலம்பினார். நான்தான் மொய் விருந்தைப் பற்றிச் சொன்னேன். எங்களில் யாருக்காவது கஷ்டம் வந்தால் இப்படிச் செய்வோம் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசலில் யார் நிற்பது, எப்படிக் கூப்பிடுவது என்றெல்லாம் கேட்டுக்கொண்டார். எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

சுங்கைப் பட்டாணியில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி இருந்தார். தாராள மனசுக்காரர் என்று பேர். துணியே வராத காலத்தில் கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கு காலியாகக் கிடந்தது. அங்கேயே விருந்தை வைக்கலாம், டவுனில் இருக்கிற செட்டிமார், நகைக்கடைக்காரர், ஆபீஸ் உத்தியோகஸ்தர் எல்லாரையும் கூப்பிடலாம், அரிசிச் செலவு என்னுடையது என்று அவர் ஒப்புக்கொண்டார். டிரஸரம்மா இந்தச் சேதியை ஓட்டமும் நடையுமாக வந்து சொன்னார்.

சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார். முந்தானை நுனியைச் சுருட்டினார், பிரித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். சயாமுக்குப் போனவர்களின் பெண்டாட்டிகளுக்கு என்று சொன்னால் ஜப்பான்காரன் கோபிப்பான். ஏன், எங்கள் ஆட்களுக்கு நாங்கள் சம்பளம் கொடுக்கவில்லையா, நீங்கள் யார் கஞ்சி ஊற்ற என்பான். டவுன்காரர்கள் பயப்படுகிறார்கள். கைம்பெண்களுக்கு என்றால் அது தருமம், அதிலே யாரும் குறை சொல்ல முடியாது. ஆகவே விருந்தன்றைக்கு நீங்கள் பொட்டில்லாமல் வரவேண்டும்.

"ஒரு நாளைக்கு மட்டும்தான், பிள்ளை. வீட்டுக்கு வந்தவுடன வைச்சிடலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் புருஷனும் அதே லோரியில் போனவன். அவளுக்கு நாலு பிள்ளைகள், கடைசிக் குழந்தை எழுந்து நடக்க மறந்துபோயிருந்தது. என் பையன் என் மடியில் கிடந்தான், அவன் காலை நான் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழி விழுந்தது. அது எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே, சரி என்றேன்.

குங்குமம் கிடைக்காத காலம் அது. லயத்துக்குப் பின்னால் விளைந்த மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்து வைத்துக்கொள்வோம். அன்றைக்குக் காலையில் அதைத் துடைத்தபோது தோலிலே கறை போகவில்லை. பாவி மகளே, போகவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தாலியை ரவிக்கைக்குள் தள்ளினேன். அதைக் கழற்றச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கழற்றியிருப்பேனோ என்னவோ, தெரியாது. எல்லாரும் மாட்டுவண்டியில் ஏறினோம். ஒருத்தி நெற்றியை ஒருத்தி பார்க்கவில்லை.

கிடங்கை நன்றாகக் கழுவி வாழை கட்டியிருந்தார்கள். சோறு கொதிக்கிற வாசனை. எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் அந்த வாசனை. வண்டியிலிருந்து இறங்கியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? நேராகப் போய் வாசலில் நின்றேன். எங்களுக்காக வைத்த விருந்து, எங்கள் கஷ்டத்துக்கு வைத்த விருந்து. அப்படியானால் வாசலில் நிற்க வேண்டியவள் நான்தானே? என் ரத்தத்தில் ஊறிய வழக்கம் என்னைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியது. நகைக்கடைக்காரர் தம் மனைவியோடும் புது மருமகளோடும் வந்தார். நான் கையைக் கூப்பி, "வாங்க, வாங்க" என்றேன்.

அவர்கள் நின்றுவிட்டார்கள். அந்த அம்மாள் மருமகளின் தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மூளியாக ஒருத்தி வாசலில் எதிரே நின்று வாங்க என்கிறாள், யார்தான் உள்ளே வருவார்கள்? எனக்கு அது உறைக்கவே சற்று நேரம் ஆயிற்று. கூப்பிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டிரஸரம்மா ஓடிவந்து என்னைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அவருக்கும் முகமெல்லாம் வியர்த்திருந்தது. சுவரோரமாக ஒரு பாயில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். நகைக்கடைக்காரர் குடும்பம் ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டு அப்புறம் உள்ளே வந்தது. அன்றைக்கு என் உடம்பில் ஏறிய கூச்சம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

முதலாளி பேசினார். புருஷனைப் பறிகொடுத்த ஏழைப் பெண்கள் என்றார். பறிகொடுத்த என்றபோது அவர் குரல் உண்மையாகவே உடைந்தது. அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வந்தவர்களும் மனசு இளகிக் கொடுத்தார்கள். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு, குருணை அரிசி, காய்ச்சலுக்குப் போடுகிற கொய்னா மாத்திரை, பழைய வேட்டி. ஓர் அம்மாள் மூக்குத்தியைக் கழற்றி வைத்தாள். நான் அழுதேன். நன்றியினாலா, அவமானத்தினாலா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பந்தி எழுந்ததும் இலை எடுக்க நாங்களே போனோம். விருந்துக்காரியாக வாசலில்தான் நிற்க முடியவில்லை, எச்சில் இலையாவது எடுப்போம் என்று தோன்றியது. குனிந்து முதல் இலையைத் தொட்டபோதுதான் பார்த்தேன். வெளிப்புறமாக மடித்திருந்தது. அடுத்ததும் அப்படித்தான். கல்யாண வீட்டில் சாப்பிட்டால் இலையை நம் பக்கமாக மடிப்போம், உறவு தொடரட்டும் என்று. சாவு வீட்டில் சாப்பிட்டால் எதிர்ப்பக்கமாக மடிப்போம், இந்த மாதிரி இனி வரவேண்டாம் என்று. அந்த நீளக் கிடங்கு முழுக்க எல்லா இலையும் எதிர்ப்பக்கமாக மடிந்து கிடந்தது. அத்தனை பேரும் சேர்ந்து, யாரும் யாரிடமும் கேட்காமல், எங்கள் வீட்டு ஆம்பளைகளுக்குக் கருமாதி செய்து முடித்திருந்தார்கள்.

கோடியில் ஒரே ஓர் இலை மட்டும் மடிக்காமல் திறந்து கிடந்தது. பக்கத்துக் கடைச் சீனர் சாப்பிட்ட இலை. அவருக்கு இந்த வழக்கமெல்லாம் என்ன தெரியும்? அதை நான் என் பக்கமாக மடித்து எடுத்தேன். அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் ஒன்று விட்டு வைத்திருக்கக் கூடாதா என்று வண்டியில் வரும்போது கேட்டாள்.

கொட்டகை வந்தது. அதை மறைக்க மாட்டேன். மத்தியானத்தில் தண்டவாளத் துண்டில் தட்டுவார்கள், சட்டியோடு போய் வரிசையில் நிற்போம். குருணையும் மரவள்ளியும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி. பையன் காலில் வீக்கம் வடிந்தது. அக்காவின் கடைசிக் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. ஆனால் டிரஸரம்மா சொன்ன ஒரு நாள், ஒரு நாளோடு போகவில்லை. கொடுத்தவர்கள் தாங்கள் கொடுத்தது என்ன ஆயிற்று என்று பார்க்க வந்துகொண்டே இருந்தார்கள். எப்போது யார் வருவார்கள் என்று தெரியாது. நெற்றி அப்படியே கிடந்தது. கண்ணாடி இல்லாத வீடு, நல்லதாய்ப் போயிற்று.

அவர் ஒரு மத்தியானத்தில் வந்தார்.

நான் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி தோண்டிக்கொண்டிருந்தேன். கித்தா மரங்களுக்குள்ளிருந்து ஒரு பிச்சைக்காரன் கம்பை ஊன்றிக்கொண்டு வருகிறான் என்று நினைத்தேன். கோணிச் சாக்கைச் சுற்றியிருந்தார். முழங்காலுக்குக் கீழே அழுக்குத் துணி கட்டியிருந்தது. அதிலிருந்து வந்த நாற்றம் அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. அவர் என் எதிரே நின்று, என் முகத்தைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் எப்ப புள்ள செத்தேன்?" என்றார்.

நான் கையிலிருந்த மண்ணோடு நெற்றியை மூடிக்கொண்டேன். ஓடிப்போய்க் காலில் விழுவேன் என்றெல்லாம் நினைத்துவைத்திருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மூடிக்கொண்டுதான் நின்றேன்.

ரயில் ரோட்டு முகாமிலிருந்து ஓடிவந்திருந்தார். எல்லையைத் தாண்டி, கூட்ஸ் வண்டியில் தொற்றி, மெர்கோங் பக்கத்தில் ஒரு மலாய்க்கார விவசாயி வீட்டு நெல்குதிருக்குக் கீழே காய்ச்சலோடு கிடந்து, அவர்கள் ஊற்றிய கஞ்சியில் பிழைத்து, அங்கிருந்து நடந்தே வந்தவர். ஓடிவந்தவன் என்று மண்டோருக்குத் தெரிந்தால் திரும்ப லோரியில் ஏற்றுவான். அது ஒரு பயம். இன்னொன்றை அவருக்குச் சொல்ல நாக்கு எழவில்லை. ராத்திரிக்குள் சொல்லித்தானே ஆகவேண்டும், சொன்னேன். உங்களுக்குக் கருமாதி விருந்து வைத்தாயிற்று, அந்த மொய்யில்தான் பிள்ளைகள் கஞ்சி குடிக்கிறார்கள், நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் கஞ்சி நின்றுபோகும் என்று சொன்னேன்.

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். பெண்ணின் காலை இழுத்துத் தன் விரலால் அமுக்கிப் பார்த்தார். குழி விழவில்லை.

"அப்ப நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். நீ போயிக் கஞ்சிய வாங்கு" என்றார்.

அப்படித்தான் என் புருஷன் என் வீட்டிலேயே ஒளிந்து வாழ்ந்தார். உள்ளறையில் பாயைச் சுருட்டிச் சாத்தி அதற்குப் பின்னால் இருப்பார். பெண்ணுக்கு விவரம் தெரியும், வாயைத் திறக்க மாட்டாள். அந்த வயசில் அப்படி வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டவள், கிழவியான பிறகும் யாரிடமும் எதையும் சொல்வதில்லை. பையனுக்கு அப்பா முகமே மறந்துபோயிருந்தது. மாமா என்று கூப்பிடு என்று சொல்லிக்கொடுத்தேன். அவன் மாமா, மாமா என்று அவர் மடியில் ஏறி விளையாடுவான். அவரும் என்னடா மாப்பிள்ளை என்பார். எனக்கு அடுப்படியில் உயிர் போகும்.

புண் நாற்றம் வெளியே போகாமலிருக்க, வாசலில் ஒரு சட்டியில் மரவள்ளியைப் புளிக்கப் போட்டு வைத்தேன். வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சட்டியைத் திட்டிவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் எதை மறைப்பது, நடுவிலே இருப்பது ஒரு பலகை. அவள் ஒருநாள் வந்து பாய்க்கு முன்னால் உட்கார்ந்தாள். எங்க வீட்டு ஆளை எங்கேயாவது பார்த்தீங்களா அண்ணே என்று கேட்டாள். வேறு முகாம், பார்க்கவில்லை என்றார் இவர். அவள் எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் சட்டியிலிருந்து ஓர் அகப்பைக் கஞ்சி தினமும் எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு பிள்ளைக்காரியின் கஞ்சி அது.

கொட்டகையில் குருணை தீர்ந்துகொண்டு வந்தது. முதலாளி மறுபடியும் ஒரு விருந்துக்கு ஏற்பாடு செய்தார். இந்தத் தடவை அதற்கு ஒரு பேரும் வைத்தார்கள். போனவர்களுக்குத் திவசம். யார் எந்த நாளில் செத்தார்கள் என்று யாருக்கும் தெரியாததால் பொதுவாக ஓர் அமாவாசையைப் பார்த்தார்கள். சேதியைச் சொன்னபோது அவர் பாய்க்குப் பின்னால் கிடந்து சிரித்தார்.

"நமக்கெல்லாம் திவசமா? பெரிய ஆளாயிட்டேன் புள்ள. எனக்கும் ஒரு பிடி எடுத்துட்டு வா, என் சோறுதானே அது" என்றார்.

போனேன். இந்தத் தடவை வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலாளி பேசினார், செத்தவர்களைப் புகழ்ந்தார். சோற்றை வைத்தார்கள். நான் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை மடியில் வைத்திருந்த இலையில் தள்ளினேன். அது போதாது என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று பரிமாறுகிறவரைக் கேட்டேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் இன்னொருத்தியிடம், "புருசன முழுங்கினவளுக்குப் பசியப் பாரு" என்றாள். குரலைத் தாழ்த்தவும் இல்லை. நான் இலையை மூடிக்கொள்ளாமல் நீட்டியபடியே இருந்தேன். சோறு விழுந்தது. அந்த வெட்கத்தையும் சோற்றோடு சேர்த்துக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தேன்.

வெயில் சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். அவர் எழுந்து உட்கார்ந்து, கையைக் கழுவிக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்த மாதிரி சம்மணம் போட முயன்றார். கால் மடங்கவில்லை. சாம்பாரை நக்கிப் பார்த்துவிட்டு, என்னா புள்ள இது, பருப்பையே காணோம், என் திவசத்துக்கு ஒரு பிடி பருப்பு போட்டா கொறைஞ்சா போயிடுவாங்க என்றார். நான் சிரித்துவிட்டேன். என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்டார். உழைப்பாளி, பெண்டாட்டி பிள்ளைகள் மேல் உயிராக இருந்தவர், சொர்க்கத்தில் இருப்பார் என்று சொன்னார்கள் என்றேன். அடேங்கப்பா என்றார். அப்புறம் ஒரு கவளத்தை எடுத்து வாய்க்குப் போகாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் அழுகிறார் என்று தெரிந்தது. அவர் அழுது நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு புண் மேலே ஏறியது. எலும்பு தெரிந்தது. மஞ்சளும் பப்பாளி இலையும் அரைத்து வைத்தேன், என்ன செய்யும்? ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. டிரஸர் இருந்தார், மருந்து கொஞ்சமாவது இருந்திருக்கும். போகிறேன் என்று கிளம்புவேன். அவர் என் கையைப் பிடித்துக்கொள்வார். போனால் கஞ்சி போச்சு, அக்கா பிள்ளைகள் கஞ்சியும் சேர்ந்து போகும், பொய் சொன்னது ஊருக்குத் தெரிந்தால் யார் இனிமேல் கொடுப்பார்கள் என்பார். டிரஸரம்மா நல்லவர். அவர் காதில் மட்டும் போட்டிருந்தால் மறைத்திருப்பாரோ என்னவோ. கிளம்பிக் கிளம்பி உட்கார்ந்தேன். போகவில்லை.

ஒரு காலையில் பையன் மாமா எழுந்திருக்கவில்லை என்று வந்து சொன்னான்.

செத்த வீட்டில் அழ வேண்டுமே, ஊர் கூட வேண்டுமே, மாரடித்து ஒப்பாரி வைக்க வேண்டுமே. ஏற்கெனவே செத்துப்போனவருக்கு எப்படி அழுவது? முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். அக்கா என் தலையைத் தன் மார்போடு சேர்த்து அமுக்கிப் பிடித்தாள், சத்தம் வெளியே போகாமல். அந்த நாளில் சயாமிலிருந்து தப்பி வந்து சடக்கோரத்தில் விழுந்து சாகிறவர்கள் இருந்தார்கள். யாரோ பரதேசி, எங்கள் வீட்டுப் பின்னால் வந்து விழுந்து செத்துப்போனான் என்று அக்கா போய் மண்டோரிடம் சொன்னாள். புதைத்துவிடச் சொல்லிவிட்டு அவன் வந்துகூடப் பார்க்கவில்லை. லயத்துக் கிழவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். முகத்தைப் பார்த்தார்கள், அடையாளம் தெரிந்தது, என்னைப் பார்த்தார்கள். மரவள்ளிக் கொல்லையை ஒட்டிக் குழி வெட்டினார்கள். யாரோ பரதேசிக்குக் கொள்ளி எதற்கு, பையனை அக்கா வீட்டில் உட்கார வைத்திருந்தோம்.

மண்ணைத் தள்ளி முடிப்பதற்குள் தண்டவாளத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. கஞ்சிக்கு நேரமாகிவிட்டது. பிள்ளைகள் காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. நான் கையைக் கழுவிக்கொண்டு சட்டியை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். என்னவோ அடக்கி அடக்கிப் பார்த்தேன், கொட்டகை வாசலுக்கு வந்ததும் கண்ணீர் தாரை தாரையாக ஊற்ற ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு டிரஸரம்மாவே கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். அகப்பையை அப்படியே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"என்ன பிள்ளை, இன்னும் அவரை நினைச்சு அழுறியே. திவசமும் முடிஞ்சுதெல்லே. மனசைத் தேத்திக்கொள்ளு" என்றார்.

சரிங்கம்மா என்று சொல்லிச் சட்டியை நீட்டினேன்.